பிட்ஸ்பர்க்கில் ஒரு சுவர், கூப்பர்ஸ்டவுனில் சில பெயர்கள்

2025 அக்டோபர் 11, சனி – பிட்ஸ்பர்க்

கொலம்பஸிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். ஃபோர்ட் பிட் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த அடுத்த நொடியே ஆறும் பாலமும் கட்டடங்களுமாக ஊர் முழுக்க எதிரே நிற்கிறது. பாலங்கள் எல்லாம் மஞ்சள். "இந்த ஊர்ல வேற பெயின்ட்டே கிடைக்காதா மாப்ளே?" என்று மாமா கேட்டார்.

மாமா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணம். மகளோடு இருந்துவிட்டுப் போக வந்தவர், பொழுது போகாமல் டி.வி.யில் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தார். முதல் வாரம் "என்ன ஆட்டம் இது, ஒருத்தனும் அடிக்க மாட்டேங்கிறான்" என்றார். ஆகஸ்டில் என்னை எழுப்பி ஸ்கோர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்தப் பயணத்துக்குத் தேதி குறித்ததும் அவர்தான். அக்டோபர் 13 அன்று பிட்ஸ்பர்க்கில் இருந்தே ஆக வேண்டும் என்றார். ஏன் என்று அந்த நாள் வரும்போது சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் இருக்கும் பிஎன்சி பார்க் பேஸ்பால் அரங்கத்தில் இப்போது ஆட்டம் கிடையாது. ஊர் அணியான பைரேட்ஸுக்கு சீசன் முடிந்துவிட்டது. அதனால் கூட்டமில்லாமல் வெளியே சுற்றிப் பார்த்தோம். அரங்கத்துக்கு எதிரே இருக்கும் பாலத்துக்கு, பைரேட்ஸில் ஆடிய ராபர்ட்டோ கிளெமெண்டேவின் பெயர். பாலத்தை விட்டு இறங்கினால் அவருடைய சிலை. அரங்கத்தின் வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி. அவருடைய சட்டை எண் 21 என்பதால் அப்படிக் கட்டினார்கள். இந்த வருஷத் தொடக்கத்தில் அந்தச் சுவரில் இருந்த அவருடைய எண்ணை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டினார்கள். குடும்பத்தார் கேள்வி கேட்டதும் ஊரே கொதித்தது. அணி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்பப் போட்டது.

கிளெமெண்டே புவேர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் 1934ல் பிறந்தவர். நான்கு முறை லீக்கிலேயே அதிக அடிக்கும் சராசரி, தடுப்பாட்டத்துக்குத் தரும் கோல்டு குளோவ் விருது பன்னிரண்டு, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸில் 1971ன் சிறந்த ஆட்டக்காரர். கருப்பர், ஸ்பானிஷ் பேசுபவர். பத்திரிகைகள் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுத்துக் கூட்டி அச்சடித்துக் கேலி செய்தன. ஆட்டக்காரர் படம் போட்டு விற்கும் பேஸ்பால் அட்டைகளில் "பாப் கிளெமெண்டே" என்று போட்டார்கள். அவர் ராபர்ட்டோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார், இவர்கள் பாப் என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1972 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் 3000வது ஹிட் அடித்தார். ஹிட் என்றால், பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டிவிடுவது. லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கடைசி ஹிட் அதுதான். அந்த டிசம்பர் 23ல் நிகரகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அவர் சேர்த்து அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களிடம் போய்ச் சேரவில்லை, நடுவில் மறைகின்றன என்று கேள்விப்பட்டு, அடுத்த விமானத்தில் தானே ஏறினார். டிசம்பர் 31 இரவு. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய பழைய டிசி-7 விமானம், சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. அவரோடு ஆடிய கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) மேனி சங்கியன் நினைவஞ்சலிக்குப் போகவில்லை. தேடுகிறவர்களோடு சேர்ந்து கடலில் முங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் லாரன்ஸ்வில் பகுதியில் கிளெமெண்டே மியூசியம். பழைய தீயணைப்பு நிலையக் கட்டடம். முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், ஒருவர் கூடவே வந்து விளக்குகிறார். மட்டைகளின் கைப்பிடிப் பக்கம் மாமா வெகுநேரம் நின்றார். மற்றவர்கள் கைப்பிடி முனையில் இருக்கும் குமிழைப் பிடிமானமாக வைத்துக்கொள்வார்கள். கிளெமெண்டேவின் சில மட்டைகளில் அந்தக் குமிழே பேருக்குத்தான் இருந்தது.

அங்கிருந்து பக்கத்திலேயே அலெகனி கல்லறைத் தோட்டம். பெரிய மேடும் பள்ளமுமான இடம், மான்கள் மேய்கின்றன. ஜாஷ் கிப்ஸனின் கல்லைக் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. தரையோடு தரையாகப் பதித்த சின்னக் கல். பெயர், 1911–1947, கீழே "புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்" என்று ஒரு வரி. கல்லின் மேல் யாரோ இரண்டு பந்துகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் நனைந்து தோல் உப்பியிருந்தது.

இந்தக் கல்லும் முதலிலிருந்தே இருந்ததல்ல. அவர் 35 வயதில், 1947 ஜனவரி 20 அன்று இறந்தார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் புல் மட்டும்தான் இருந்தது. கருப்பர்களை மேஜர் லீக் என்னும் பெரிய லீக்கில் சேர்க்காத காலத்தில், கருப்பர்களுக்கான நீக்ரோ லீக்கில் ஆடியவர். அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் அணிக்காக இறங்கித் தடையை உடைத்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு – பிட்ஸ்பர்க்

காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவில். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றாலே இந்தக் கோவில்தான். 1976ல் கும்பாபிஷேகம் ஆன பழைய கோவில். கேன்டீனில் புளியோதரை, தயிர்சாதம். மாமா இரண்டாவது தடவை புளியோதரை வாங்கியதை வீட்டில் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

பிற்பகல் ஹில் டிஸ்ட்ரிக்ட். இங்கே பெட்ஃபோர்டு அவென்யூவில் கிரீன்லீ ஃபீல்டு என்று ஓர் அரங்கம் இருந்தது. கஸ் கிரீன்லீ என்ற கருப்பர் 1932ல் தன் பணத்தில் கட்டியது. அவருக்குப் பணம் வந்த முக்கிய வழி நம்பர் சூதாட்டம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. அவருடைய பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணியில் கிப்ஸன், சாட்செல் பெய்ஜ், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்ஸன் ஐந்து பேரும் ஒன்றாக ஆடினார்கள். ஐந்து பேருமே பின்னாளில், மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தகடு வைக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். 1938ல் அரங்கத்தை இடித்து அரசுக் குடியிருப்பு கட்டினார்கள். இப்போது நினைவுப் பலகை ஒன்று மட்டும் நிற்கிறது. படித்துவிட்டுத் திரும்பினால் எதிரே சாதாரணத் தெரு, நிறுத்திவைத்த கார்கள். பார்க்க அவ்வளவுதான்.

இரவு விடுதியில் மாமா ஒரு கணக்கு கேட்டார். "கிப்ஸன் நல்லா ஆடினார்னு சொல்றீங்க. எவ்வளவு நல்லா?" அதற்கு 2024 மே மாதம் வரை அதிகாரபூர்வமான பதில் கிடையாது. நீக்ரோ லீக் ஆட்டங்களை மேஜர் லீக் தன் கணக்கில் சேர்க்காமலே வைத்திருந்தது. போன வருஷம்தான் 1920 முதல் 1948 வரையிலான ஏழு லீக்குகளின் கணக்கைச் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே, வாழ்நாள் சராசரியில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த டை காப் கீழே இறங்கிவிட்டார். கிப்ஸனின் வாழ்நாள் சராசரி .372. ஆயிரம் தடவை அடிக்க நின்றால் 372 ஹிட் என்று அர்த்தம். 1943ல் மட்டும் .466. பேஸ்பாலில் .300 அடித்தாலே கொண்டாடுவார்கள்.

நீக்ரோ லீக்கில் லீக் ஆட்டங்கள் குறைவு, ஊர் ஊராகப் போய் ஆடிய ஆட்டங்களே அதிகம், அதனால் இந்த ஒப்பீடு சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டங்கள் ஏன் குறைவாக இருந்தன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள் – ஓக்லாண்ட்

இதற்காகத்தான் வந்தோம்.

ஓக்லாண்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர் நிற்கிறது. 1909 முதல் 1970 வரை பைரேட்ஸ் ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் மிச்சம் இருப்பது இது. சுவர் முடியும் இடத்திலிருந்து, பழைய சுவர் எப்படிப் போனது என்று நடைபாதையில் செங்கல் கோடு பதித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் ஓரிடத்தில் ஒரு தகடு. 1960 அக்டோபர் 13 அன்று பில் மஸராஸ்கி அடித்த பந்து சுவரைத் தாண்டிய இடம்.

ஒவ்வொரு வருஷமும் இதே தேதியில் இங்கே ஆட்கள் கூடுகிறார்கள். கூடி என்ன செய்கிறார்கள்? அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையை, பதிவான ஒலிநாடாவிலிருந்து, முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை கேட்கிறார்கள். 1985ல் ஒரு ரசிகர் தனியாக வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டதில் தொடங்கியது. பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்டம் அன்று எந்த நேரத்தில் நடந்ததோ அதே நேரத்துக்கு ஒலிநாடாவை ஓடவிடுகிறார்கள். அதனால் கடைசிப் பந்து சரியாக மத்தியானம் 3:36க்கு வரும்.

மடக்கு நாற்காலிகள், கறுப்பு மஞ்சள் தொப்பிகள், ஒரு ஒலிபெருக்கி. பெரும்பாலும் தாத்தாக்கள், நடுவில் சில காலேஜ் பிள்ளைகள். மாமாவைப் பார்த்ததும் ஒரு பெரியவர் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தான் சுவரோரம் புல்லில் உட்கார்ந்தார். மாமா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960 வேர்ல்டு சீரிஸ், ஏழு ஆட்டங்களில் நான்கு ஜெயிக்க வேண்டும். எதிரணி நியூயார்க் யாங்கீஸ். மிக்கி மேன்டில், ரோஜர் மாரிஸ், யோகி பெர்ரா எல்லாம் இருந்த அணி. அவர்கள் ஜெயித்த மூன்று ஆட்டங்களும் 16–3, 10–0, 12–0. பைரேட்ஸ் ஜெயித்த மூன்றும் 6–4, 3–2, 5–2. மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் இங்கே.

பைரேட்ஸ் முதலில் 4–0. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஆறாவது இன்னிங்ஸில் பெர்ரா அடித்த ஹோம் ரன்னோடு (சிக்ஸர் மாதிரி, பந்து சுவரைத் தாண்டும்) யாங்கீஸ் முந்தியது. எட்டாவதில் 7–4. அப்போது பில் வெர்டன் அடித்த பந்து தரையில் சாதாரணமாக உருண்டு போனது. இரண்டு பேரை ஒரே வீச்சில் வெளியேற்ற வேண்டிய பந்து. கெட்டித் தரையில் எதன்மேலோ பட்டு எகிறி, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக்கின் தொண்டையில் அடித்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒரு எகிறலிலிருந்து எல்லாம் பிரிந்தது. டிக் குரோட் அடித்த ஹிட்டில் ஒரு ரன். பிறகு கிளெமெண்டே மெதுவாக உருட்டிவிட்டு ஓடினார், பந்து வீசும் பிட்சர் முதல் பேஸைக் காக்க வரவில்லை, இன்னொரு ரன். அடுத்து ஹால் ஸ்மித் என்ற பதிலி கேட்சர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 9–7.

இந்த இடத்தில் கூட்டம் எழுந்து கத்தியது. அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஹோம் ரன்னுக்கு! மாமா மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சேப்பாக்கம் டெஸ்ட் நடக்கும்போது அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கேட்டு வளர்ந்த தலைமுறை. ஆங்கிலத்தில் பாதி புரிந்திருக்காது. ஆனால் வர்ணனையாளரின் குரல் ஏறும்போதெல்லாம் அவர் விரல் நாற்காலியின் கையைத் தட்டியது.

ஒன்பதாவதில் யாங்கீஸ் 9–9 ஆக்கியது. பைரேட்ஸ் பக்கம், முதலில் அடிக்க வந்தவர் மஸராஸ்கி. தடுப்பாட்டத்துக்குப் பேர் போன இரண்டாம் பேஸ்மேன், அடிப்பதற்கு அல்ல. ரால்ஃப் டெர்ரியின் முதல் பந்தை விட்டார். இரண்டாவது பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டியது. சுவரடியில் நின்ற யோகி பெர்ரா ஒரு நொடி பந்து சுவரில் பட்டுத் திரும்பும் என்று காத்திருந்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஹோம் ரன் என்பது மஸராஸ்கிக்கே இரண்டாவது பேஸை நெருங்கும்போதுதான் தெரிந்ததாம். 10–9. வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி ஹோம் ரன்னால் முடித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஏழு ஆட்டத்தையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் 27. சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்ஸனுக்கே போனது. தோற்ற அணிக்காரருக்கு அது கிடைத்தது அந்த ஒரு முறைதான். இன்னொன்று, இந்த ஏழாவது ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒருவர்கூட ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது) ஆகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வர்ணனையில் இருக்கும் தப்பு. வர்ணனையாளர் சக் தாம்ஸன் பரபரப்பில் பந்து வீசியவர் ஆர்ட் டிட்மார் என்று சொல்லிவிடுகிறார். டிட்மார் அப்போது பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தவர், வீசியவர் டெர்ரி. போதாததற்கு ஸ்கோரையும் முதலில் பத்துக்குப் பூஜ்யம் என்று சொல்லி, பிறகு திருத்துகிறார். சுற்றி இருந்தவர்கள் இந்த இடத்துக்காகவே காத்திருந்தவர்கள் போலச் சிரிக்கிறார்கள். டிட்மாருக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷம் கழித்து இந்த வர்ணனையை ஒரு பீர் விளம்பரத்தில் போட்டபோது, வீசாத பந்துக்குத் தன் பெயர் கெடுகிறது என்று வழக்குப் போட்டார். தோற்றார்.

இந்த ஆட்டத்தின் படச்சுருளும் வெகுகாலம் இல்லை என்றே நினைத்தார்கள். நடிகரும் பாடகருமான பிங் கிராஸ்பி பைரேட்ஸ் அணியில் பங்குதாரர். நேரில் பார்த்தால் தாங்காது என்று பாரிஸுக்குப் போய்விட்டு, டி.வி. ஒளிபரப்பைப் படம் பிடித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்தச் சுருள்கள் 2009ல் கலிஃபோர்னியாவில் அவர் வீட்டு மது அறையில் கிடைத்தன.

நாற்காலி கொடுத்த பெரியவர் அன்று பள்ளிச் சிறுவன். வகுப்பில் ஆசிரியையே வானொலியை வைத்தாராம். மாமா கேட்டார்: "அப்புறம் ஸ்கூல்?" அவர் சொன்னார்: "அப்புறம் என்ன ஸ்கூல்!" நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நான் இல்லாமலும் பேச்சு ஓடியது.

அக்டோபர் 14, செவ்வாய் – வழியில்

காலையில் போஸ்வர் ஹால். அடிப்பவர் நிற்கும் இடத்தில் இருந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் ஹோம் பிளேட்டை இந்தக் கட்டடத்தின் தரைக்குள் கண்ணாடி போட்டுப் பதித்திருக்கிறார்கள். மாணவர்கள் அதன் மேலேயே நடந்து வகுப்புக்குப் போகிறார்கள். பேப் ரூத்தின் கடைசி மூன்று ஹோம் ரன்களும் இந்தப் பிளேட் இருந்த மைதானத்தில், 1935 மே 25 அன்று, ஒரே ஆட்டத்தில் வந்தவை. வயது 40, யாங்கீஸ் விட்டுவிட்ட பிறகு பாஸ்டன் பிரேவ்ஸில். கடைசி ஹோம் ரன், அவருடைய 714வது, வலதுபக்கக் கூரையையே தாண்டியது. பிரேவ்ஸ் அந்த ஆட்டத்தில் தோற்றது. அடுத்த சில நாள்களில் அவர் ஓய்வு பெற்றார்.

பிறகு நாள் முழுக்கக் காரில். ஐ-80, ஐ-81, பிங்ஹாம்டனில் ஐ-88. இலையுதிர் காலம் என்பதால் மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். மாமா தூங்கிவிட்டார். ராத்திரி விடுதி அறையில் ஹீட்டர் ஒன்று லாரி மாதிரி உறுமியது. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அக்டோபர் 15, புதன் – கூப்பர்ஸ்டவுன்

ஒரு டிராஃபிக் சிக்னல், ஓர் ஏரி, ஒரு மெயின் ஸ்ட்ரீட். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் இருப்பதற்குக் காரணம் ஒரு கட்டுக்கதை. 1839ல் ஆப்னர் டபுள்டே என்பவர் இங்கேதான் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று 1900களில் ஒரு குழு தீர்ப்புச் சொன்னது. ஆதாரம், ஒரு முதியவர் எழுதிய கடிதம். அந்த வருஷம் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் 1939ல் இங்கேயே திறந்தார்கள். தல புராணத்துக்கு ஆதாரம் கேட்கக்கூடாது என்று மாமா சொன்னார்.

வெண்கலத் தகடுகள் இருக்கும் கூடத்தில் குரல்கள் தானாகத் தணிகின்றன. 1936ன் முதல் ஐந்து பேர்: டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூஸன், வால்டர் ஜான்ஸன். நாங்கள் தேடிப் போனது வேறு ஆட்களை.

கிளெமெண்டே: ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதியைத் தள்ளிவைத்துவிட்டு, இறந்த சில வாரங்களிலேயே சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். 424 பத்திரிகையாளர்களில் 393 பேரின் வாக்கு. அவ்வளவு அவசரமாக மரியாதை செய்தவர்கள், தகட்டில் "ராபர்ட்டோ வாக்கர் கிளெமெண்டே" என்று வார்த்துவிட்டார்கள். அப்பா வழிப் பெயர் கிளெமெண்டே, அம்மா வழிப் பெயர் வாக்கர், அம்மா பெயர் கடைசியில் வர வேண்டும். 2000ல்தான் புதுத் தகடு வார்த்துச் சரிசெய்தார்கள். பாஸ்போர்ட்டில் தன் இனிஷியலை விரித்து எழுதி, இந்த நாட்டில் எல்லோரும் தன் அப்பா பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுவதை ஆறு மாதமாகச் சகித்துவரும் மாமா, "27 வருஷம்" என்று மட்டும் சொன்னார்.

கிப்ஸன்: 1972ல் உள்ளே வந்தார், இறந்து 25 வருஷம் கழித்து. மஸராஸ்கி: 2001. ஏற்புரை எழுதிக்கொண்டு வந்தவர், மேடையில் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அழுகை வந்து, எல்லோருக்கும் நன்றி என்று உட்கார்ந்துவிட்டார். பக் ஓநீல்: கான்ஸஸ் சிட்டி மொனார்க்ஸில் ஆடியவர், நீக்ரோ லீக்கின் கதைகளை நாடெங்கும் கொண்டுபோனவர். 2006ல் நீக்ரோ லீக் காலத்து ஆட்கள் பதினேழு பேரைத் தேர்ந்தெடுத்த குழு அவரை விட்டுவிட்டது. 94 வயதில் அவரே வந்து அந்தப் பதினேழு பேருக்காக மேடையில் பேசி, கூட்டத்தைப் பாட வைத்தார். அந்த அக்டோபரில் இறந்தார். அவர் தகடு வந்தது 2022ல்.

இந்த வருஷத்துத் தகடுகள் இன்னும் பளபளவென்று இருக்கின்றன. ஜப்பானியர் இச்சிரோவுக்கு 394ல் 393 வாக்கு. கிளெமெண்டேவுக்கு விழுந்த அதே 393. இருவருமே மைதானத்தின் வலதுபக்க எல்லையில் நின்று ஆடியவர்கள். போடாத அந்த ஒருவர் யார் என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இச்சிரோவோடு இந்த ஜூலையில் சேர்ந்தவர் டேவ் பார்க்கர், கிளெமெண்டேவுக்குப் பின் பைரேட்ஸின் வலதுபக்கத்தில் நின்றவர். 1978ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் பதினைந்து வருஷம் பெயர் இருந்தும் தேறவில்லை. கடைசியில் ஒரு குழு 2024 டிசம்பரில் தேர்ந்தெடுத்தது. பார்க்கின்ஸன் நோயோடு இருந்தவர், விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், ஜூன் 28ல் இறந்துபோனார். விழாவில் மகன் வந்து, அப்பா எழுதிவைத்திருந்த கவிதையை வாசித்தார்.

இதை மாமாவிடம் சொன்னேன். தகட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "தேர்ந்தெடுத்தது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் மாமா. டிசம்பர்லயே சொல்லிட்டாங்க."

"அப்ப சரி" என்றார். "வாங்க, காபி குடிக்கலாம். மூணு மணிக்கு மேல பார்க்கிங் காசு போடணும்னு வேற எழுதியிருந்துது."